பெரிய மரைன் டேங்க் வாங்கப் போகிறீர்களா? மீனும் பவளமும் சேர்த்து வளர்க்க அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு சின்ன உப்புநீர்த் தொட்டி வைத்துப் பழகிவிட்டு, அடுத்து பெரியதாக ஒன்று வாங்கலாம், அதில் மீனோடு பவளமும் வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலானோர் முதலில் ஹாலில் இருக்கும் இடத்தை அளக்கிறார்கள், பிறகு டேங்க் வாங்குகிறார்கள், கடைசியில்தான் என்ன மீன் விடலாம் என்று கேட்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஐந்து வருடம் கழித்து அந்தத் தொட்டிக்குள் எந்த உயிர்கள் இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள், அளவு, விளக்கு, சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி), கரண்ட் பில் எல்லாவற்றையும் அந்தத் தாள்தான் முடிவு செய்யும்.

மூன்றடியா, நான்கடியா, ஆறடியா? எது வாங்குவது?

மீன், பவளம் இரண்டும் வேண்டும் என்றால் நான் சொல்வது நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கணக்குப் போட்டால் சுமார் 450 லிட்டர் வரும். இதில் அதிகம் கவனிக்க வேண்டியது அகலம். கடைகளில் நான்கடி நீளத் தொட்டிகள் ஒன்றரை அடி அகலத்தில் நிறையக் கிடைக்கும், விலையும் குறைவு, பார்க்கவும் பெரியதாகத்தான் தெரியும். ஆனால் உள்ளே பாறை அடுக்கியதும் பின்னால் இடமே இருக்காது. மீன் பாறையைச் சுற்றி வர முடியாமல் முன்கண்ணாடிக்கும் பாறைக்கும் நடுவில் இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டே இருக்கும். பவளமும் கண்ணாடியில் உரசும், வேவ் மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்) கிளப்பும் நீரோட்டம் நேராகப் போய் அதன் மேல் அடிக்கும். இரண்டடி அகலம் இருந்தால் பாறையை இரண்டு தனித்தனித் தீவாக வைத்து நடுவிலும் பின்னாலும் நீந்த வழி விடலாம்.

ஆறடிக்கு இடமும் பணமும் இருந்தால் தாராளமாகப் போங்கள். மூன்றடி என்றால் பவளத்துக்குப் போதும், மீன் பட்டியலைத்தான் பாதியாக வெட்ட வேண்டும்.

பெரிய தொட்டி என்றால் பராமரிப்பு கஷ்டமாச்சே?

வேலையின் அளவு கூடும், பதற்றம் குறையும். 60 லிட்டர் தொட்டியில் ஒரு மீன் இரவில் பாறைக்குப் பின்னால் செத்துக் கிடந்தால் காலைக்குள் அம்மோனியா ஏறிவிடும். 450 லிட்டரில் அதே சம்பவம் நடந்தால் கண்டுபிடிக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். வெப்பநிலை, உப்பின் அளவு எல்லாம் மெதுவாகத்தான் மாறும். பவளத்துக்கு அந்த நிதானம்தான் வேண்டும்.

உயரமான தொட்டி அழகாக இருக்கிறதே, இரண்டரை அடி உயரம் எடுக்கலாமா?

வேண்டாம். தரையில் ஒரு பவளத் துண்டு விழுந்தால் அதை எடுக்க உங்கள் கை எட்ட வேண்டும். உயரம் கூடக்கூட அடிவரை வெளிச்சம் போக இன்னும் வலுவான விளக்கு தேவை, கண்ணாடியும் இன்னும் தடிமனாக வேண்டும். மீன்கள் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் நீந்துகின்றன, அந்தக் கூடுதல் அரை அடி அவற்றுக்குப் பெரிதாக உதவாது. அதே பணத்தை அகலத்தில் போடுங்கள்.

எந்த மீன்கள் பவளத்தோடு ஒத்துப் போகும்?

தொட்டியின் அளவை முடிவு செய்வதே இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கிளவுன் மீன் ஜோடி எல்லாத் தொட்டிக்கும் பொருந்தும். அதையும் கடலில் பிடித்ததாக இல்லாமல் பண்ணையில் வளர்த்ததாகக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கிளவுன் மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையைச் செய்து காட்டியிருக்கின்றன. வளர்ப்பு மீன் முதல் நாளிலிருந்தே உலர் தீனி சாப்பிடும், கண்ணாடிக்குள் வாழவும் பழகியிருக்கும்.

பிறகு பங்காய் கார்டினல், ராயல் கிராமா, பயர்பிஷ், சிறிய ராஸ் வகைகள், பாசி மேயும் பிளெனி. இவை பொதுவாகப் பவளத்தைத் தொடாது. நான்கடியில் மஞ்சள் டேங் என்ற மீன் ஒன்றே ஒன்று வைக்கலாம், 20 சென்டிமீட்டர் வரை வளரும், நாள் முழுக்கப் பாறையில் பாசி மேய்ந்துகொண்டே இருக்கும். முன்பெல்லாம் இந்த மீன் பெரும்பாலும் ஹவாயிலிருந்துதான் பிடித்து வந்தது. 2015 இல் அங்கேயே ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட்டில் இதை முதன்முதலாக வளர்த்தெடுத்தார்கள், இப்போது வளர்ப்பு மஞ்சள் டேங்கும் சந்தையில் உண்டு. விலை கூடுதல்தான், ஆனாலும் அதையே தேடுங்கள்.

மாண்டரின் மீனைப் பார்த்து மயங்காதவர் இல்லை. அது பாறையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன ஓட்டுயிர்களைத்தான் நாளெல்லாம் கொத்தித் தின்னும். புதுத் தொட்டியில் அவை இருக்காது, மீன் மெல்ல மெல்ல ஒட்டிப்போய்ச் செத்துவிடும். தொட்டிக்கு ஒரு வயதாவது ஆகட்டும்.

இனி விடக்கூடாதவை. பட்டாம்பூச்சி மீன்களில் பெரும்பாலானவற்றுக்குப் பவளமே உணவு. எம்பரர் ஏஞ்சல் 40 சென்டிமீட்டர் வரை வளரும், பவளத்தையும் கொத்தும். டிரிக்கர் வகைகள் இறால், நத்தை என்று எல்லாவற்றையும் உடைத்துத் தின்னும். லயன்பிஷ் பவளத்தை ஒன்றும் செய்யாது, ஆனால் வாயில் நுழையும் எந்த மீனையும் விழுங்கிவிடும். இந்த மீன்கள்தான் பிடிக்கும் என்றால் பவளம் இல்லாமல் மீன்களுக்கு மட்டும் ஒரு தொட்டி போடுங்கள். அதுவும் நல்ல தொட்டிதான், செலவும் குறைவு.

நீல டேங் குட்டியாகத்தானே இருக்கிறது, நான்கடியில் விட்டால் என்ன?

கடையில் இரண்டு அங்குலம் இருக்கும். வளர்ந்தால் 30 சென்டிமீட்டர், அதாவது ஒரு அடி. அது வேகமாக நீந்திப் பழகிய மீன், ஆறடிக்குக் குறைந்த தொட்டியில் வைப்பது அதற்குச் செய்யும் அநியாயம். பவுடர் ப்ளூ டேங்குக்கும் இதேதான், அதற்கு வெள்ளைப் புள்ளி நோயும் சீக்கிரம் வந்துவிடும். பெரியதானதும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி வாங்குபவர்களில் நிஜமாகவே மாற்றுபவர்கள் ரொம்பக் குறைவு.

இந்தியாவில் வீட்டில் பவளம் வளர்க்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

கல் பவளங்கள் (சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டும் பவளங்கள்) அனைத்தும் 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2001 இல் சேர்த்தார்கள். அவற்றோடு கருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாமும் சேர்ந்தன. புலியும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. குற்றம் உறுதியானால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை. ஆக வெளிநாட்டு வீடியோக்களில் வரும் அக்ரோபோரா, ஹாமர், டார்ச், பிரெய்ன் எல்லாமே இங்கே வைக்கக்கூடாதவை. எல்லாம் இறக்குமதி சரக்கு, பயப்படாதீங்க என்று யாராவது காதோடு சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு, 1986 இல் அதைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்த 21 இல் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல காலம் பவளப்பாறையை வெட்டி எடுத்ததுதான் அதற்குப் பெரிய காரணம். மிச்சம் இருப்பது 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிய ஆண்டுகளில் வெளிறி, பாதி செத்து, மறுபடி தளிர்த்துக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து ஒரு கல்லைக்கூட நம் ஹாலுக்குக் கொண்டு வரக்கூடாது என்பதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் உயிர்ப் பாறை) என்று விற்கும் பாறைக்கும் இதுவே பொருந்தும். கடலிலிருந்து எடுக்காத உலர் பாறையோ சிமெண்ட் கலவையில் செய்த பாறையோ வாங்கி, பாட்டிலில் வரும் பாக்டீரியாவை விட்டுப் பழக்கினால் சில மாதத்தில் அதுவும் உயிர்ப் பாறைதான்.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் இருப்பவர்களுக்கு விதிகள் வேறு. கல் பவளங்கள் உலக அளவில், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருகின்றன, நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். வளர்ப்பில் வெட்டிப் பெருக்கிய துண்டுகளாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்போ நமக்கு மென்பவளம்தானா? அதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஜோவாந்திட் வகைகளில் பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று வராத நிறமே இல்லை. மஷ்ரூம் பவளம், காளான் குடை போல விரியும் லெதர் பவளம், பச்சைப் புல்வெளி மாதிரி அசையும் ஸ்டார் பாலிப், இழுத்து இழுத்துத் துடிக்கும் ஜீனியா என்று வரிசையாக உண்டு. எலும்புக்கூடு கட்டும் பவளத்துக்குக் கால்சியம், காரத்தன்மை, மெக்னீசியம் மூன்றையும் தினமும் சரிபார்த்து ஊற்ற வேண்டும். மென்பவளங்களுக்கு முறையாகத் தண்ணீர் மாற்றினாலே பெரும்பாலும் போதும். தண்ணீரில் கொஞ்சம் நைட்ரேட் இருந்தாலும் இவை கோபித்துக்கொள்ளாது, உண்மையில் கொஞ்சம் இருப்பது நல்லது. மீன் அதிகம் வைக்க ஆசைப்படுபவருக்கு இதைவிடப் பொருத்தமான பவளம் கிடையாது.

மூன்று எச்சரிக்கைகள். ஸ்டார் பாலிப், ஜீனியா இரண்டும் பரவினால் நிற்காது, தனித் தீவுப் பாறையில் வையுங்கள், மெயின் பாறையில் ஒட்டவே ஒட்டாதீர்கள். லெதர் வகைகள் அக்கம்பக்கத்துப் பவளத்தை வளரவிடாமல் செய்ய நீரில் ரசாயனம் விடும், அதனால் சம்பில் (பெரிய தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டும் தொட்டி) எப்போதும் ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பை இருக்கட்டும், மாதாமாதம் மாற்றுங்கள்.

மூன்றாவதை விளையாட்டாக எடுக்காதீர்கள். ஜோவாந்திட் குடும்பத்தில், குறிப்பாகப் பாலித்தோவா என்ற வகையில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். அவை ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்க வைக்கவோ, வெந்நீர் ஊற்றித் தேய்க்கவோ கூடவே கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இன்னும் கவனம்.

மூன்றாவது மாடி பிளாட், தரை தாங்குமா?

எடையைக் கூட்டிப் பாருங்கள். தண்ணீர் 450 கிலோ, 12 மில்லிமீட்டர் கண்ணாடி சுமார் 90 கிலோ, பாறையும் மணலும் 60, 70 கிலோ, கீழே சம்ப் தண்ணீரோடு 120 கிலோ, ஸ்டாண்டு வேறு. மொத்தம் முக்கால் டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நிற்கும் இடமோ முக்கால் சதுர மீட்டர்தான். வீட்டுத் தளங்களை வடிவமைக்கும்போது ஆள், சாமான் சுமைக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் கணக்கு எடுப்பார்கள். அது தளம் முழுக்கப் பரவிய சுமைக்கான கணக்கு, ஒரே இடத்தில் வைத்ததும் இடிந்து விழும் என்று அர்த்தமில்லை. ஆனால் ஹால் நடுவில் வைக்காதீர்கள். தூணுக்குப் பக்கத்தில், கீழே பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள். நான்கடிக்கு மேல் போனாலோ பழைய கட்டடம் என்றாலோ ஒரு கட்டுமானப் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள், மொத்தச் செலவில் அது சின்னத் தொகை.

கண்ணாடி, துளை, சம்ப் விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

இரண்டடி உயரத் தொட்டிக்கு, மேல் விளிம்பைச் சுற்றிலும் கண்ணாடிப் பட்டி ஒட்டியிருந்தால் 12 மில்லிமீட்டர் போதும். பட்டியே இல்லாத மாடல் வேண்டும் என்றால் 15க்குப் போங்கள். முன்பக்கம் மட்டும் இரும்புச் சத்து குறைந்த கிளியர் கண்ணாடி போட்டால் பச்சைச் சாயல் இல்லாமல் நிறம் அப்படியே தெரியும். ஓவர்ப்ளோ துளையை (நீர் சம்புக்கு வழிந்து இறங்கும் துளை) கண்ணாடிகளை ஒட்டுவதற்கு முன்பே போடச் சொல்லுங்கள். டெம்பர்டு கண்ணாடியில் பிறகு துளை போட்டால் நொறுங்கிவிடும்.

சம்ப் இல்லாமல் பெரிய பவளத் தொட்டி வைக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. ஸ்கிம்மர் (நுரையாக்கிக் கழிவை நீக்கும் கருவி), கார்பன், ஹீட்டர், சில்லர் குழாய் எல்லாம் கீழே போய்விடும், மேலே கடல் மட்டும் தெரியும். இதில் பலரும் கணக்கில் எடுக்காத விஷயம் ஒன்று உண்டு. கரண்ட் போனதும் மேலே இருந்து நீர் சம்புக்கு இறங்கும். நான்குக்கு இரண்டடி தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏழரை லிட்டர். நான்கு சென்டிமீட்டர் இறங்கினால் 30 லிட்டர், குழாயில் இருப்பது தனி. அந்த 40 லிட்டருக்குச் சம்பில் காலி இடம் விட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். முதல் நாள் தண்ணீர் நிரப்பியதும் மோட்டாரை நீங்களே நிறுத்திப் பாருங்கள்.

சில்லர் கட்டாயமா? ஃபேன் போதாதா?

ஊட்டி, கொடைக்கானல் என்றால் வேண்டாம், அங்கே ஹீட்டர்தான் வேண்டும். சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி என்றால் கட்டாயம். பவளத்துக்கு 25, 26 டிகிரி நல்லது, அளவுக்கு மேல் சூடேறி நாள்கணக்கில் நின்றால் அதற்குள் வாழும் நுண்பாசி வெளியேறிப் பவளம் வெளிறும். மன்னார் வளைகுடாவில் நடந்ததும் இதேதான். ஃபேன் நீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கும், கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் குறைக்காது, அதற்கே தினமும் பல லிட்டர் நன்னீர் ஊற்ற வேண்டியிருக்கும். 450 லிட்டரும் சம்பும் சேர்ந்தால் அரை எச்.பி. சில்லர் எடுங்கள். கால் எச்.பி. போட்டால் மே மாதத்தில் நிற்காமல் ஓடும். சில்லரை மூடிய கேபினெட்டுக்குள் வைக்காதீர்கள், அது வெளியேற்றும் சூடு போக வழி வேண்டும்.

கரண்ட் போனால்?

முதலில் தீர்வது ஆக்சிஜன்தான். இன்வெர்ட்டரில் ஒரு வேவ் மேக்கரையும் ரிட்டர்ன் மோட்டாரையும் (சம்பிலிருந்து நீரை மேலே ஏற்றுவது) மட்டும் இணையுங்கள், இரண்டும் சேர்ந்தே நூறு வாட்டுக்குள் அடங்கும். சில்லரை வீட்டு இன்வெர்ட்டரில் போட முடியாது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று அலமாரியில் தயாராக இருக்கட்டும், புயல் நாட்களில் அது மட்டும்தான் கைகொடுக்கும்.

பக்கத்தில்தான் கடல் இருக்கிறது, அங்கிருந்தே தண்ணீர் எடுக்கலாமா? வீட்டு ஆர்.ஓ. தண்ணீர்?

நகரக் கடற்கரைத் தண்ணீர் வேண்டாம். கூவமும் அடையாறும் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எடுத்த நீரை நம்பி இத்தனை உயிர்களை வைக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை முடிந்த சமயத்தில் நம் கரையோரக் கடலில் உப்பே குறைந்துவிடும், அந்தக் கடலும் மாதத்துக்கு மாதம் மாறும். உப்புப் பொடி வாங்கிக் கலந்துகொள்ளுங்கள். லிட்டருக்கு 37, 38 கிராம் போட்டால் ஆயிரத்துக்கு 35 என்ற அளவு வரும், அடர்த்தி எண் 1.025, 1.026 காட்டும். முதல் முறை நிரப்பவே 17 கிலோ போல ஆகும். உப்பின் அளவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவி வாங்குங்கள்.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத நீரைத் திரும்பக் கலக்கும் டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) திருகு இருக்கும், தாதுவும் சேர்ப்பார்கள். அந்தத் தண்ணீர் 50, 100 காட்டும். நமக்குப் பூஜ்யம் வேண்டும். மிச்சம் இருக்கும் உப்பையும் ரெசினால் நீக்கும் டி.ஐ. பில்டர் சேர்ந்த தனி ஆர்.ஓ. யூனிட் வாங்குங்கள். போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ வரும் வீடுகளில் டி.ஐ. ரெசின் சீக்கிரமே தீரும், அதையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

இன்னொன்று, ஆவியாகிப் போவது வெறும் நீர்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். குறைந்த அளவை நன்னீரால் நிரப்புங்கள், உப்புநீரால் அல்ல. தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-ஆஃப் கருவி இருந்தால் ஊருக்குப் போகும்போது நிம்மதி.

விளக்கும் நீரோட்டமும் எவ்வளவு?

மென்பவளத்துக்கு நடுத்தர எல்.இ.டி. இரண்டு போதும், நீலம் தூக்கலாக, தினம் எட்டு ஒன்பது மணி நேரம். புது விளக்கை முழு வேகத்தில் போடாதீர்கள், பாதியில் ஆரம்பித்து சில வாரங்களில் ஏற்றுங்கள். நீரோட்டம் மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல இருபது மடங்கு, அதாவது 9000 லிட்டர், இரண்டு வேவ் மேக்கராகப் பிரித்து எதிரெதிரே வையுங்கள்.

மாதம் கரண்ட் எவ்வளவு இழுக்கும்?

விளக்கு 150 வாட் ஒன்பது மணி நேரம், மோட்டார்களும் ஸ்கிம்மரும் சேர்ந்து 80 வாட் நாள் முழுக்க, சில்லர் 350 வாட் பத்து மணி நேரம். கூட்டினால் நாளுக்கு ஏழு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு மாதத்துக்கு 400 யூனிட். தமிழ்நாட்டில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதாலும், 500 யூனிட் தாண்டினால் கட்டண விகிதமே மாறுவதாலும், வீட்டின் மற்ற செலவோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். டேங்க் விலையைவிட இந்தத் தொகையைத்தான் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். இதைக் கட்ட முடியாது என்று தெரிந்தால் சின்னத் தொட்டியே நல்லது.

நிரப்பியதும் மீன் விடலாமா? பழைய தொட்டி மீனை அப்படியே மாற்றலாமா?

அம்மோனியா நைட்ரைட்டாகி, அது நைட்ரேட்டாக மாறும் பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை மீன் வேண்டாம். பழைய தொட்டிப் பாறையைக் கொஞ்சம் சேர்த்தால் சீக்கிரம் ஆகும். அதன் பிறகும் இரண்டிரண்டு மீனாக, இடைவெளி விட்டு. அடாவடி மீன் கடைசியில்: மஞ்சள் டேங்கை முதலில் விட்டால் முழுத் தொட்டியும் தனது என்று நினைத்துப் பிறகு வருபவரை எல்லாம் துரத்தும்.

ஒவ்வொரு புது மீனும் முதலில் தனிமைத் தொட்டியில் நான்கு வாரமாவது இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளி, வெல்வெட் என்ற இரண்டு நோய்களுக்கும் நம்பகமான மருந்து தாமிரம், அந்தத் தாமிரமே இறாலையும் பவளத்தையும் கொல்லும். அதாவது பவளம் இருக்கும் தொட்டியில் நோய் வந்தால் மருந்தே போட முடியாது, பாறையைக் கலைத்து எல்லா மீனையும் பிடித்து வெளியே எடுக்க வேண்டும். 450 லிட்டரில் அதைச் செய்வது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள், 50 லிட்டர் வெறும் தொட்டியும் ஒரு ஸ்பாஞ்ச் பில்டரும் எவ்வளவு மலிவு என்று புரியும்.

பழைய டேங்க் பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?

வாங்கலாம், இரண்டு கேள்வி கேட்டுவிட்டு. முதலாவது, அதில் எப்போதாவது தாமிர மருந்து போட்டார்களா? போட்டிருந்தால் பாறையையும் மணலையும் வாங்கவே வாங்காதீர்கள், அவை தாமிரத்தை உறிஞ்சி வைத்து மெல்ல விடும். இரண்டாவது, எத்தனை வருடப் பழசு, எவ்வளவு நாள் காய்ந்து கிடந்தது? மூலையில் சிலிக்கான் உரிந்தோ குமிழ் விட்டோ இருந்தால் முழுவதையும் பிரித்து மறுபடி ஒட்டும் கூலியையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள். வாங்கிய பிறகு மொட்டை மாடியிலோ வாசலிலோ சமமான இடத்தில் வைத்து, விளிம்புவரை நிரப்பி, ஒரு வாரம் கசிகிறதா என்று பார்த்துவிட்டு ஹாலுக்குக் கொண்டு போங்கள்.